மலைநாட்டுக் குளிரும் மக்கள் வரலாறும்

கூதிரும் முன்பனியும் குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதுகள் எனத் தொல்காப்பியர் வகுத்தார். மலைக்கும் குளிருக்கும் உள்ள இயைபை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும். இலங்கையின் மத்திய மலைநாட்டிலே அவ்வியைபு ஒரு சமுதாயத்தின் வரலாற்றோடு எங்ஙனம் பின்னிக் கிடக்கின்றது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நுவரெலியா பூமத்திய கோட்டிற்கு வடக்கே ஏழு பாகை அளவிலேயே உள்ளது. எனினும் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,100 அடி உயர்ந்திருத்தலால், அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சதமளவையில் 16 பாகை அளவினதே; கொழும்பினதோ 27 பாகை அளவினது. மார்கழி தொடங்கி மாசி வரையும் குளிர் மிகும். வடகீழ்ப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியைக் கீழ்ச்சரிவிலே பொழிந்துவிட்டு மேற்சரிவை வறண்ட காற்றாய் அடைகின்றது. தை, மாசி மாதங்களின் முகிலற்ற இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைந்து இழக்கும். குளிர்ந்து கனத்த காற்றுச் சரிவுகளில் வழிந்து பள்ளங்களிலே தேங்கும். அத்தகைய இரவுகள் சிலவற்றில் உறைபனி படிந்து, விடியலிலே புற்றரை வெண்மையாய்த் தோன்றும். வெயில் ஏறியபின் தேயிலைத் தளிரும் உருளைக்கிழங்குச் செடியும் தீப்பட்டனபோற் கருகிக் கிடக்கும்.

இக்குளிரை ஆங்கிலேயர் ஒரு பேறாகவே கருதினர். 1819ஆம் ஆண்டில் ஜோன் டேவி என்னும் படைமருத்துவர் இவ்வுயர் நிலத்தைக் கண்டு, 1821இல் வெளிவந்த தம் நூலில் விவரித்தார். தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் இங்கே மாளிகை எடுப்பித்தார். நோயுற்ற படைவீரர் உடல் தேறுதற்கு உறைவிடமும் அமைந்தது. 1848இல் சாமுவேல் பேக்கர் தம் நாட்டுக் கால்நடைகளோடு வந்து குடியேறினார். கணப்படுப்பும் கம்பளியுடையும் உடையார்க்குக் குளிர் நலந் தருவதே. அவர்தம் ஏடுகளில் அஃது அங்ஙனமே பதிவாயிற்று.

அக்குளிரை வேறொரு மக்கட் கூட்டமும் சந்தித்தது. மதுரை, திருச்சிராப்பள்ளி, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய வெப்பநிலப் பகுதிகளிலிருந்து புறப்பட்ட அவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். கோப்பிக் காலத்தில், பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் மீண்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இலே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் பயிரின் மாற்றம் மாத்திரமன்று. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கப்படுவது; கோப்பி நன்கு விளையாத உயரங்களிலும் தழைப்பது. ஆதலின் பருவத்திற்கு வந்து போனவர்கள், எல்லாப் பருவத்தையும் மலையிலேயே கழிப்போராயினர்.

குளிரும் வறண்ட காற்றும் கொழுந்தின் வளர்ச்சியைத் தடைசெய்து, அதன் மணத்தையும் சுவையையும் செறியச் செய்கின்றன. நுவரெலியா, திம்புள்ள முதலிய மேற்சரிவுப் பகுதிகளில் தை முதற் பங்குனி வரையும் சிறந்த தேயிலை கிடைப்பது இக்காரணம் பற்றியே. சந்தையில் விலையை உயர்த்திய அக்குளிரிலேயே தொழிலாளி விடியுமுன் பெரட்டுக்கு நின்றான். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயத்து அறையில் ஒரு குடும்பம் முழுவதும் ஒடுங்கியது. குளிருக்குக் கொடுத்த கம்பளியின் விலையும் பல தோட்டங்களில் அவன் கணக்கிலே பற்றெழுதப்பட்டது.

பறிப்பு முடிந்ததும் ஊர் மீண்டவர் கோப்பிக் காலத்தவர். தேயிலைக் காலத்தவர் மலையிலேயே பிறந்து மலையிலேயே மாண்டனர். எனினும், இவர்கள் நிலையாகத் தங்குவோர் அல்லர் என்னும் வாதம் அரசியல் மேடைகளில் ஓயவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. எஞ்சியிருந்தோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. எத்தனை முன்பனிக்காலங்களை அம்மலையிற் கழித்தனர் என்று கேட்டிருப்பின், அவ்வாதத்திற்கு விடை எளிதிற் கிடைத்திருக்கும்.

டேவியும் பேக்கரும் நூல் எழுதினர்; கொழுந்தெடுத்தோர் எழுதிலர். அவர்தம் வரலாறு நாட்டார் பாடல்களிலும் முதியோர் நினைவிலும் தங்கியுள்ளது. சுவாத்தியத்தைப் பயிலும் மாணவர், வெப்பமானி காட்டும் பாகையோடு நின்றுவிடாது, அக்குளிரில் நின்றவர் யாவர் எனவும் வினவுதல் வேண்டும். அவ்வினாவிலேயே புவியியல் வரலாறாகின்றது.