அல்யாவுக்காகக் காத்திருந்த பெட்டி

1955-ல் சைபீரியாவிலிருந்து மாஸ்கோ திரும்பிய அரியாத்னா எஃப்ரோனுக்கு வயது 42. ‘இவர் குற்றமற்றவர்’ என்று அரசு எழுதிக்கொடுத்த தாள் கையில் இருந்தது. அது கிடைப்பதற்குள் சிறை, முகாம், நாடுகடத்தல் என்று பதினாறு வருடம் போய்விட்டது. இடையில் ரியாசான் நகரில் ஒன்றரை வருடம்தான் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. அப்பா, அம்மா, தம்பி யாரும் உயிரோடு இல்லை. குந்தியிருக்கச் சொந்தமாக ஓர் அறைகூட இல்லை. ஒண்டுக்குடித்தனத்தில் இருந்த லீல்யா அத்தையின் அறையில் ஒரு பெட்டி மட்டும் இருந்தது. உள்ளே அம்மாவின் நோட்டுப்புத்தகங்கள்.

அம்மா, மரீனா ஸ்வெதாயேவா. ரஷ்யக் கவிதையில் அக்மதோவா, பாஸ்டர்நாக் வரிசையில் வைத்துப் பேசப்படுபவர். அப்பா செர்கேய் எஃப்ரோனும் எழுத்தாளர்தான். ‘குழந்தைப் பருவம்’ என்ற அவருடைய கதைத் தொகுப்பு 1912-ல் வந்தது. இருவரும் சேர்ந்து நடத்திய சின்னஞ்சிறு பதிப்பகம் வெளியிட்ட புத்தகம் அது. அதே வருடம்தான் அரியாத்னா பிறந்தார். வீட்டில் அல்யா.

புரட்சி வந்தது. அப்பா புரட்சியை எதிர்த்த வெண்படையில் சேர்ந்துவிட, மாஸ்கோவில் அம்மாவும் இரண்டு பெண் குழந்தைகளும் பசியில் கிடந்தார்கள். அநாதை விடுதியில் விடப்பட்ட தங்கை இரீனா 1920-ல் அங்கேயே இறந்துபோனாள். அந்தப் பஞ்ச காலத்தில் ஆறு வயது அல்யா டைரி எழுதினாள், கவிதையும் எழுதினாள். 1923-ல் பெர்லினில் வெளியான ‘சைக்கி’ தொகுப்பில், தன் கவிதைகளோடு மகளின் கவிதைகளையும் சேர்த்தே அச்சிட்டார் மரீனா.

பிறகு பெர்லின், பிராக், பாரிஸ் என்று அகதி வாழ்க்கை. பாரிஸில் அல்யா தொப்பி பின்னி விற்று வீட்டுச் செலவுக்குக் கொடுத்தார். ஒரு காலத்து வெண்படை வீரரான அப்பா, மெல்ல மெல்ல சோவியத் பக்கம் சாய்ந்து, அதன் உளவுத்துறைக்கே வேலை பார்க்கத் தொடங்கியிருந்தார். 1937-ல் முதல் ஆளாக ஊர் திரும்பியது அல்யாதான். அதே வருடம் அப்பா தப்பி வந்தார். அம்மாவும் தம்பியும் 1939 ஜூனில் வந்து சேர்ந்தார்கள். ஆகஸ்ட் 27 அன்று அல்யா கைது, அக்டோபரில் அப்பா. பாரிஸிலிருந்து வந்த சாமான்கள் மகளின் பெயருக்கு அனுப்பப்பட்டிருந்தன. பெயருக்குரியவர் சிறையில் இருந்ததால் கையெழுத்துப் பிரதிகளும் சுங்கத்தில் மாதக்கணக்கில் முடங்கின. விசாரணையில் அடித்துத் துவைத்து, அப்பாவுக்கு எதிராக அல்யாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிற்பாடு அந்த வாக்குமூலத்தை அவர் மறுத்தார்.

1941 ஆகஸ்ட் 31 அன்று எலபூகாவில் மரீனா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அக்டோபரில் செர்கேய் சுட்டுக் கொல்லப்பட்டார். தம்பி 1944-ல் போர்முனையில் மடிந்தார். மரீனா மாஸ்கோவில் விட்டுச்சென்ற பிரதிகள் கைமாறி அத்தையிடம் வந்தன.

அல்யாவோ முகாமுக்கும் ரியாசானுக்கும் பிறகு நாடுகடத்தப்பட்டு, சைபீரியாவின் துருகான்ஸ்கில், யெனிசெய் நதிக்கரையில், கலாசார மன்றத்துக்குக் கோஷப் பலகைகளும் நாடகத் திரைச்சீலைகளும் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தார். பாஸ்டர்நாக் அனுப்பிய பணத்தில்தான் அங்கே ஒரு குடிசை வாங்க முடிந்தது.

மாஸ்கோ திரும்பியதும் அம்மாவின் பிரதிகளை அச்சுக்குத் தயார்செய்யும் வேலை தொடங்கியது. மரீனா ஒரே வரிக்குப் பல மாற்றுச் சொற்களை எழுதி எழுதிப் பார்த்திருப்பார். எது கடைசி வடிவம் என்று பிரித்தெடுக்க அந்தக் கையெழுத்தோடு வளர்ந்த ஒருவர் தேவைப்பட்டார்.

இன்னொரு சிக்கல், எதை அச்சுக்குக் கொடுப்பது என்பது. ‘அன்னங்களின் பாசறை’ வெண்படையைப் பாடிய கவிதை வரிசை. ஊர் திரும்புமுன் மரீனா அதன் பிரதியை ஐரோப்பாவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். 1957-ல் அது மியூனிக்கில் வெளியானது. மாஸ்கோவில் அதைப் பற்றி வாயைத் திறக்க முடியாது. அல்யா சண்டைக்குப் போகவில்லை. தணிக்கை எதை விடுமோ அதை முதலில் கொடுத்தார். 1956-ல் இல்யா எஹ்ரன்பர்க்கின் முன்னுரையோடு ஒரு தொகை நூலில் சில கவிதைகள் வந்தபோதே பத்திரிகைகள் பாய்ந்தன. தயாராகிக்கொண்டிருந்த தனித் தொகுப்பு தள்ளிப்போய், 1961-ல்தான் வெளியானது. 1965-ல் அன்னா சாக்கியான்ட்ஸோடு சேர்ந்து அவரே தொகுத்த பெரிய நூல் ‘கவிஞர் நூலக’ வரிசையில் வந்தது. அவருடைய நினைவுக்குறிப்புகள் 1973-ல் ‘ஸ்வெஸ்தா’ இதழில் வரத் தொடங்கின. அப்பாவின் உளவு வேலை பற்றி அவற்றில் பேச்சே இல்லை.

அம்மாவின் பிரதிகளில் மீதியை அரசு இலக்கிய ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்தார். 2000 வரை திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1975 ஜூலையில் தாருசாவில் இறந்தார். கெடு முடிந்த கையோடு மரீனாவின் குறிப்பேடுகள் இரண்டு தொகுதிகளாக வந்தன. அல்யாவின் சொந்தக் கடிதங்களும் நினைவுகளும் மூன்று தொகுதிகளாக வெளிவர 2008 ஆனது. துருகான்ஸ்கிலிருந்து பாஸ்டர்நாக்குக்கு எழுதிய கடிதங்களும் அவற்றில் இருக்கின்றன.