வட ஆற்காட்டுத் தோல் வணிகமும் அரசின் கரமும்

மத்ரஸாக்களில் கல்வியாண்டு தொடங்கியதும் ஃபிக்ஹுப் பாடத்தில் முதலாவதாக வருவது தஹாரத் எனும் தூய்மை பற்றிய பகுதி. அதில் தோல் பதனிடுதல் குறித்த சட்டம் ஒன்று உண்டு. இறந்த பிராணியின் தோல் முறைப்படி பதனிடப்பட்டால் தூய்மை பெற்றுவிடும் என்பதும், எவ்வெவற்றின் தோல் இதிலிருந்து விலக்கு என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதும் அதன் சாரம். பதனிடும் பொருளாக 'கரள்' என்பதை நூலாசிரியர்கள் குறிப்பிடுவர். அது கருவேல இனத்தைச் சேர்ந்த மரம். நம் பகுதியில் அவ்விடத்தைப் பிடித்தது ஆவாரம்பட்டை. வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கத்து மாணவர்களுக்கு இப்பாடத்தை விளக்க வேண்டிய தேவையே இருப்பதில்லை. அவர்களுக்கு அது வீட்டுச் செய்தி.

தோலைத் தொடுவதே தீட்டென்று சாதி இந்துக்களில் பெரும்பாலோர் ஒதுங்கிய ஒரு நாட்டில், மேற்கண்ட சட்டம் முஸ்லிம்களுக்கு ஒரு வணிக வாயிலைத் திறந்துவிட்டது. 1840களில் மொரீஷியஸ் தீவிலிருந்து வந்த சார்லஸ் டி சூசா என்பவர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் முறையைச் செம்மைப்படுத்திய பிறகு, சென்னை மாகாணத்துத் தோலுக்கு இலண்டன் ஏலச் சந்தையில் தனி மதிப்பு ஏற்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், திண்டுக்கல், திருச்சி ஆகிய ஊர்களில் பதனிடும் கூடங்கள் பெருகின. சென்னைப் பெரியமேடு தோல் மண்டிகளின் தலைமையிடமாயிற்று. இத்தொழிலில் முதலீட்டாளர்களாக முன்னின்றோரில் முஸ்லிம்களே மிகுதி. கூடங்களில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள் என்பதையும் இங்கேயே பதிவு செய்துவிட வேண்டும்.

சிறுபான்மையினரின் தொழில்கள் நாட்டுப் பொருளாதாரத்தில் வளர அரசு என்ன செய்யலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர்களின் சிந்தை உடனே கடன் கழகங்களை நோக்கியே செல்கிறது. 1994இல் தேசிய சிறுபான்மையினர் மேம்பாட்டு நிதிக் கழகமும், 1999இல் தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமும் தோன்றின. முஸ்லிம்கள் பிற சமுதாயத்தாரைவிடச் சுயதொழிலையே மிகுதியாக நம்பி வாழ்கின்றனர் என்பதையும், வங்கிக் கடனில் அவர்கள் பெறும் பங்கு மக்கள்தொகை விகிதத்திற்கு வெகுவாகக் குறைந்திருப்பதையும் 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை புலப்படுத்திற்று. ஆனால் வட ஆற்காட்டுத் தோல் வணிகத்தின் வரலாற்றைப் பார்த்தால், அதை உயர்த்தியதும் ஒடுக்கியதும் சிறுபான்மையினர் என்ற பெயர் தாங்கிய எந்தத் திட்டமும் அல்ல என்பது தெரிகிறது. சுங்க வரி, ஏற்றுமதி உச்சவரம்பு, ஆய்வுக்கூடம், கழிவுநீர் நிலையம் என யாருடைய சமயத்தையும் கேளாத ஆணைகளே அதன் விதியை எழுதின.

ஆங்கிலேயர் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. குரோம் உப்பைக் கொண்டு பதனிடும் புதிய முறையை ஆல்ஃபிரட் சாட்டர்டன் எனும் அதிகாரி அரசுச் செலவில் 1903 முதல் சென்னையில் சோதித்து வந்தார். அரசு தொழிலில் இறங்குவது தனியார் முயற்சிக்குக் கேடு என ஐரோப்பிய வணிகர் முறையிட்டனர். இந்திய விவகார அமைச்சராயிருந்த மார்லி பிரபு 1910இல் இலண்டனிலிருந்து தடையுத்தரவு அனுப்பினார். முயற்சி கைவிடப்பட்டது. (பின்னர் தனியார் நிறுவனம் ஒன்று அம்முறையைக் கையாண்டதன் நினைவே இன்றைய குரோம்பேட்டை எனும் பெயர்.) அடுத்த சில ஆண்டுகளில் முதல் உலகப்போர் மூண்டது. படைவீரரின் காலணிகளுக்கு நம் பகுதித் தோல் இன்றியமையாததாகவே, தடைவிதித்த அதே அரசு விளைந்த தோலையெல்லாம் தானே கொள்முதல் செய்தது.

போருக்குப் பின் 1919இல், பதனிடாத பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. பச்சைத்தோல் உள்நாட்டிலேயே தங்கினால் பதனிடுவோர் தழைப்பர் என்பது கணக்கு. ஆயினும் சாம்ராஜ்யத்திற்குட்பட்ட நாடுகளுக்குச் செல்லும் தோலுக்கு அவ்வரியில் மூன்றில் இரு பங்கு திருப்பித் தரப்பட்டது. யாருடைய நலன் முதலில் எண்ணப்பட்டது என்பதை இச்சலுகையே காட்டிவிடும். வங்காளத்துப் பச்சைத்தோல் வணிகர் எதிர்த்தனர்; 1923இல் வரி 5 விழுக்காடாயிற்று. எதிர்த்த அவ்வணிகரிடையேயும் முஸ்லிம்கள் பலர் இருந்தனர். கல்கத்தாவின் முஸ்லிம் வணிகருக்கும் ஆம்பூரின் முஸ்லிம் முதலாளிக்கும் அவ்வரி ஒரே பொருளைத் தரவில்லை. சமுதாய நலன் என்று பொதுவாகப் பேசுவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

விடுதலைக்குப் பின் 1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பிற்காலத்தில் அதன் இயக்குநராயிருந்த நாயுடம்மா, ஆய்வுக்கூடத்தின் அறிவைத் தோல் மண்டி வரை கொண்டுசெல்ல உழைத்தவர். தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தால் வந்த தொழிலுக்கு அறிவியல் துணை கிடைத்தது. என் கணிப்பில் அரசு செய்த உதவிகளுள் இதுவே தலையாயது. இதன் பயன் எவரையும் பிளவுபடுத்தவில்லை.

1973ஆம் ஆண்டின் ஆணையை அவ்வாறு சொல்ல இயலாது. சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, பாதி பதனிட்ட தோலை அயல்நாட்டிற்கு அனுப்ப மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. முழுமையாக்கிய தோலும் காலணியும் அனுப்புவோருக்கு ஊக்கத்தொகை அளித்தது. நாட்டின் கண்ணோட்டத்தில் இது சரியான முடிவே. இலண்டனும் மிலானும் ஈட்டிய இலாபத்தின் ஒரு கூறு ஆம்பூருக்கு வந்தது. இன்று அவ்வூரில் காணும் காலணித் தொழிற்சாலைகளும், அவற்றில் பணிபுரியும் பெண்களும் அம்முடிவின் விளைவு. ஆனால் முழுமையாக்கும் இயந்திரங்களை வாங்க முதல் வேண்டும். அது இருந்தவர் ஏற்றுமதியாளர் ஆனார். இல்லாதவர், தம் பாட்டனார் கட்டிய கூடத்திலேயே பிறருடைய தோலைக் கூலிக்குப் பதனிடுபவர் ஆனார். அந்த வேளையில் சிறு கூடத்தாருக்கென ஒரு கடன் கழகம் இருந்திருக்க வேண்டும். சிறுபான்மையினர் கழகங்கள் பிறந்ததோ இருபது ஆண்டுகள் கழித்து.

இவ்வணிகத்தின் செல்வம் எங்கே சென்றது என்பதை நம் வாசகர்கள் அறிவர். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி (1919), காகா முஹம்மது உமர் சாஹிப் நிறுவிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் (1924), ஜமால் குடும்பத்தார் பேணிய பெரம்பூர் ஜமாலிய்யா அரபிக் கல்லூரி, திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி (1951), மேல்விஷாரத்து வள்ளல் அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரால் விளங்கும் கல்லூரி (1965) என அப்பட்டியல் நீளும். நானும் தோல் வணிகரின் கொடையால் உணவுண்டு ஓதியவன். ஆதலால் அடுத்து எழுதுவது எனக்கு எளிதன்று.

குரோம் முறை பரவியதும் கூடங்களின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஐந்து மாவட்டங்களின் 900க்கும் மேற்பட்ட கூடங்களுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதை அது எடுத்துக்காட்டிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அரசு மானியத்துடன் எழுந்தன. அவற்றிற்கான பங்கைச் செலுத்த இயலாத சிறு கூடங்கள் பல மூடுண்டன. 2015 ஜனவரியில் இராணிப்பேட்டை நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. இது நம்மீது தொடுக்கப்பட்ட சூழ்ச்சி என்று மேடைகளில் பேசியோர் உண்டு. வழக்குத் தொடுத்தவர்கள் அந்நீரைக் குடித்த வேலூர் மாவட்டத்துக் குடிமக்கள். அவர்களிலும் நிலமிழந்தோரிலும் முஸ்லிம்கள் இல்லையா?

நான் ஓதிய கல்லூரியின் ஹவுளுக்கு 1980களில் வளாகத்துக் கிணற்றிலிருந்தே நீர் இறைத்தனர். இப்போது லாரியில் வருகிறது. தஹாரத் பகுதியில் தோலின் சட்டத்தோடு தண்ணீரின் சட்டமும் இருக்கிறது. அசுத்தம் கலந்து நிறமோ சுவையோ மணமோ மாறிய நீரில் உளூச் செய்ய இயலாது. சில ஆண்டுகளுக்கு முன் பேர்ணாம்பட்டு மாணவர் ஒருவர், பதனிட்ட தோல் தூய்மையாகிவிட்டது, அதைக் கழுவிய நீர் இறங்கிய கிணற்றின் நிலை என்ன ஹஸ்ரத் என்று வகுப்பில் கேட்டார். சட்டத்தைச் சொன்னேன். அப்படியானால் அந்தக் கிணறு யாருக்குச் சொந்தமானதோ அவருக்குக் கூடத்துக்காரர் என்ன தர வேண்டும் என்று அவர் மறுபடி கேட்டபோது மணி அடித்துவிட்டது. அடுத்த நாள் ஈடு பற்றிய பகுதியை, அதன் முறை வருமுன்பே எடுத்து ஓதினோம்.