வீதியின் தரத்தை அளந்த வரலாறு

வீதியொன்று நன்றோ தீதோ என்று தீர்ப்பவர் யாவர்? அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்து ஒட்டாவா நகரின் அயலில், 1958 முதல் 1960 வரை நடந்த பெரும் பரிசோதனை இவ்வினாவுக்கு விடை தேடிற்று.

ஆங்கு இராணுவச் சாரதிகள் லொறிகளை ஓட்ட, அச்சுப் பாரங்கள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தடவை தளத்தை அழுத்தின. இதனோடு, வழக்கிலிருந்த வீதிகளிற் பயணஞ்செய்த குழுவொன்று தனக்குத் தோன்றியவாறு பூச்சியம் முதல் 5 வரை புள்ளியிட்டது. பின்னரே மேடுபள்ளம், வெடிப்பு, ஒட்டு, சில்லுத்தடம் ஆகியவற்றை அளந்து, அப்புள்ளியை உய்த்துணரும் சூத்திரத்தை வகுத்தனர். பயணியின் அனுபவமே அளவுகோலுக்கு மூலமாயிற்று. இதுவே எம்மை வியக்கவைப்பது.

அச்சுப்பாரம் இருமடங்காயின் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பதும் ஆங்குப் பெறப்பட்டதே. ஆயினும் அஃது ஒரே மண்ணில், ஒரே காலநிலையில், ஈராண்டிற் கண்ட முடிபு. வெப்பநாட்டு வீதிகளின் தேய்வை முன்னறிய, 1970களிற் கென்யாவிலும் பிரேசிலிலும் வேறு ஆய்வுகள் வேண்டியிருந்தன.