கார்டன் சிட்டி: கன்சாஸ் சமவெளியில் குடியேறிகளின் ஊர்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மைப் பணிக்கின்றது. கால்களால் சென்றடைய இயலாத இடங்களுக்கு வரலாற்றின் துணைகொண்டு செல்லலாம். பக்தாத், குர்துபா, இஸ்தான்பூல் போன்ற பெருநகரங்களின் வரலாற்றை நாம் பலமுறை பேசியிருக்கின்றோம். இம்முறை, நம்மில் பெரும்பாலோர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு சிற்றூரைக் காண்போம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தின் தென்மேற்கில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடு பள்ளமின்றிப் பரந்து கிடக்கும் சமவெளியில் அமைந்துள்ள கார்டன் சிட்டியே அது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 28,000 மட்டுமே. ஆயினும் குடியேற்றம், உழைப்பு, அண்டை வீட்டார் உரிமை ஆகியவை பற்றி அது நமக்குச் சொல்பவை பல.

மண்ணும் முதல் மக்களும்

இது மழை குறைந்த நிலம். ஆண்டு முழுவதும் பெய்வது 20 அங்குலத்திற்கும் குறைவு. மரங்கள் அரிது, புல்வெளியும் காற்றுமே இங்கு ஆட்சி செலுத்துவன. வெள்ளையர் வருமுன் செயேன், அரப்பாகோ, கயோவா, கமாஞ்சி முதலிய பூர்வகுடியினர் இச்சமவெளியில் வாழ்ந்தனர். அவர்களுடைய உணவும் உடையும் கூடாரமும் காட்டெருமையைச் சார்ந்தே இருந்தன. 1867ஆம் ஆண்டு மெடிசின் லாட்ஜ் உடன்படிக்கைகளின் மூலம் அவர்கள் தெற்கே ஒதுக்கப்பட்டனர். 1870களில் தோல் வணிகத்திற்காகக் காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் சமவெளி வெறிச்சோடியது. ஒரு நகரின் தோற்றத்தைப் பேசும்போது, அங்கு முன்பு வாழ்ந்து அகற்றப்பட்டோரை மறந்துவிடுவது நீதியாகாது. ஆதலால் இதனை முதலில் குறிப்பிடுகின்றோம்.

1872ஆம் ஆண்டில் சான்டா ஃபே இரயில் பாதை இப்பகுதி வழியாக அமைக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் தங்கி உழுபவருக்கு 160 ஏக்கர் நிலம் உரிமையாகும் எனும் 1862ஆம் ஆண்டுச் சட்டம், நிலமற்றோரை மேற்கு நோக்கி ஈர்த்தது. 1878ஆம் ஆண்டில் ஃபுல்டன் சகோதரர்கள் ஆர்கன்சாஸ் ஆற்றின் வடகரையில் இவ்வூருக்கு அடித்தளமிட்டனர். ஊருக்குப் பெயர் இன்னும் சூட்டப்படாதிருந்த வேளையில், ஃபுல்டன் அவர்களின் துணைவியார் வளர்த்த மலர்த் தோட்டத்தைக் கண்ட ஒரு வழிப்போக்கர், இதற்குத் தோட்ட நகரம் என்றே பெயரிடலாமே என்றாராம். கார்டன் சிட்டி என்ற பெயர் இவ்வாறு அமைந்தது என்று ஊர் வழக்கு கூறுகின்றது. பெயரறியாத ஒரு நாடோடியின் சொல்லையே தன் பெயராகச் சொல்லிக்கொள்ளும் ஊர் இது!

ஊரின் முதல் மேயர் சார்லஸ் ஜோன்ஸ். காட்டெருமை வேட்டையால் பெயர் பெற்ற இவரை மக்கள் 'பஃபலோ ஜோன்ஸ்' என்றே அழைத்தனர். அவ்வினம் அழிந்துபோகும் நிலை வந்ததும், எஞ்சிய கன்றுகளைப் பிடித்து வளர்க்கத் தொடங்கியவரும் இவரே. ஊரின் தெற்கே மணற்குன்றுகளிடையே உள்ள காப்பகத்தில் இன்றும் காட்டெருமைகள் மேய்கின்றன. அழித்த கையே காக்கவும் முற்பட்டது என்பதில் படிப்பினை உண்டு. எனினும் காலம் கடந்த பின் செய்யும் பரிகாரம், இழந்தவை அனைத்தையும் மீட்டுத் தருவதில்லை.

நீரைத் தேடிய வாழ்வு

வானத்தை மட்டும் நம்பி இங்கு உழவு செய்ய முடியாது என்பதைக் குடியேறிகள் விரைவில் உணர்ந்தனர். ஆற்றிலிருந்து வாய்க்கால்கள் வெட்டினர். 1906ஆம் ஆண்டில் சர்க்கரைக் கிழங்கு ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. கிழங்கு வயல்களிலும் இரயில் பாதையிலும் வேலை செய்ய மெக்சிகோவிலிருந்து குடும்பங்கள் வந்தன. ரஷ்யாவில் குடியிருந்த ஜெர்மானியர்களும் வந்தனர். ஆக, அயல்மொழி பேசும் உழைப்பாளிகளின் வருகை இவ்வூருக்கு நேற்றுத் தொடங்கியதன்று.

வறண்ட ஊரின் மக்கள் நீரின் அருமையை அறிந்திருந்தனர். 1922ஆம் ஆண்டில் ஊரார் ஒன்றுகூடி மாபெரும் நீச்சல் குளம் ஒன்றைத் தோண்டினர். 'பெரிய குளம்' என்று அழைக்கப்பட்ட அதில் பல தலைமுறைகள் கட்டணமின்றி நீந்தின. கோடை முடிந்து குளம் மூடப்படும் நாளில், அருகிலுள்ள மிருகக்காட்சிசாலையின் யானைகளைக் குளிப்பாட்டியதும் உண்டு. ஏரியும் கடலும் இல்லாத ஊர், பொதுவில் அனுபவிக்க ஒரு நீர்நிலையைத் தானே படைத்துக்கொண்டது.

பின்னர் சோதனை வந்தது. புல்வேர்கள் பெயர்க்கப்பட்ட மண், 1930களின் வறட்சியில் புழுதியாகப் பறந்தது. 1935 ஏப்ரல் 14 ஞாயிறன்று எழுந்த புழுதிப்புயல் பட்டப்பகலை இரவாக்கியது. அந்நாள் 'கறுப்பு ஞாயிறு' என்றே பெயர் பெற்றது. பலர் ஊரை விட்டு வெளியேறினர். தங்கியவர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின், பூமிக்கடியில் ஓகலாலா எனும் பரந்த நிலத்தடி நீர்த்தேக்கத்திலிருந்து இயந்திரங்கள் மூலம் நீர் இறைக்கக் கற்றனர். வட்டமாகச் சுழன்று நீர் தெளிக்கும் குழாய்களால் மக்காச்சோளமும் சோளமும் விளைந்தன. தானியம் மாடுகளுக்குத் தீவனமாயிற்று. மாடுகள் பெருகவே இறைச்சி ஆலைகள் அவற்றைத் தேடி வந்தன.

அந்த நீர் இன்று குறைந்து வருகின்றது. மழை நிரப்புவதைக் காட்டிலும் மனிதர் இறைப்பது மிக அதிகம். ஆர்கன்சாஸ் ஆறோ கார்டன் சிட்டியில் பெரும்பாலும் வெறும் மணற்படுகையாகவே காட்சியளிக்கின்றது. (பிற மாநிலத்தார் அந்த ஆற்றை 'ஆர்க்கன்சா' என்பர், இவ்வூராரோ தம் மாநிலத்தின் பெயரோடு ஒத்து ஒலிக்குமாறு 'ஆர்-கன்சாஸ்' என்றே சொல்வர்.) உளூச் செய்யும்போதும் நீரை வீணாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்ட நமக்கு, இந்த வறண்ட படுகை சொல்லும் செய்தி எளிதில் விளங்கும். இறைவன் அளந்து இறக்கிய அருட்கொடையை அளவின்றிச் செலவிடுவோர் யாராயினும், ஒரு நாள் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும்.

ஆலையும் புதிய மக்களும்

1980ஆம் ஆண்டின் இறுதியில், அருகிலுள்ள ஹோல்கம் எனும் சிற்றூரில் ஐ.பி.பி. நிறுவனம் மாட்டிறைச்சி ஆலை ஒன்றைத் திறந்தது. அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரியது என்று பேசப்பட்ட ஆலை அது. முன்பெல்லாம் கைதேர்ந்த கசாப்புக்காரர் ஒருவரே முழு உடலையும் துண்டமிடுவார். இந்த ஆலையிலோ ஓடும் சங்கிலியில் உடல்கள் வரும். ஒவ்வொரு தொழிலாளியும் ஒரே ஒரு வெட்டை மட்டும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை வெட்டுவார். ஆங்கிலம் அறியாதவரும் சில நாள்களில் இவ்வேலையைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் தோளும் மணிக்கட்டும் தேய்ந்துபோகும், காயங்கள் மிகுதி. உள்ளூரார் பலர் விரும்பாத இவ்வேலைக்கு அகதிகளும் குடியேறிகளும் வந்தனர்.

முதலில் போரினால் நாடிழந்த வியட்நாமியரும், மெக்சிகோ மற்றும் மத்திய அமெரிக்க நாட்டவரும் வந்தனர். 1980இல் 18,000 அளவில் இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 24,000ஐக் கடந்தது. வீடுகளும் வகுப்பறைகளும் போதவில்லை. அவ்வேளையில் தேவாலயப் பொறுப்பாளர்கள் முன்வந்து, வந்தோரை வரவேற்குமாறு ஊராரை அறிவுறுத்தினர். பள்ளிகள் பன்மொழிக் குழந்தைகளுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொண்டன. டொனால்ட் ஸ்டல் எனும் மானுடவியல் அறிஞரின் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு 1980களின் இறுதியில் இங்கேயே தங்கி இம்மாற்றத்தை ஆராய்ந்தது. இன்று நகர மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இலத்தீன் அமெரிக்கப் பின்புலம் கொண்டவர்கள்.

2000ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று கார்டன் சிட்டியின் மற்றோர் இறைச்சி ஆலை தீக்கிரையாகி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். அந்த ஆலை மீண்டும் திறக்கப்படவேயில்லை. ஆயினும் ஹோல்கம் ஆலை தொடர்ந்து இயங்கியது. 2000களின் பிற்பகுதியில் அதன் வாயிலை நாடி வந்தோருள் பர்மிய அகதிகளும், நம் மார்க்கச் சகோதரர்களாகிய சோமாலியரும் இருந்தனர்.

சமவெளியில் பாங்கொலி

அமெரிக்கச் சமவெளிக்கு முஸ்லிம்கள் முற்றிலும் புதியவர்கள் அல்லர். வடக்கே, நார்த் டகோட்டா மாநிலத்தின் ராஸ் எனும் சிற்றூரில், இன்றைய சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து சென்ற முஸ்லிம் உழவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதே 160 ஏக்கர் சட்டத்தின் கீழ் நிலம் பெற்றனர். 1929ஆம் ஆண்டில் பாதி மண்ணுக்குள் அமைந்த எளிய பள்ளிவாசல் ஒன்றைக் கட்டினர். அமெரிக்காவில் தொழுகைக்கென்றே கட்டப்பட்ட மிகப் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்று அது. அடுத்த தலைமுறையினர் சிதறிப்போகவே, அக்கட்டடம் பிற்காலத்தில் இடிக்கப்பட்டது. இன்று அங்கே கப்ருஸ்தானும், 2005இல் எழுப்பப்பட்ட ஒரு சிறிய பள்ளியும் உள்ளன. கட்டடம் எழுப்புவது எளிது, மார்க்கத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைப்பதே கடினம் என்பதற்கு ராஸ் ஒரு சான்று.

கார்டன் சிட்டிக்கு வந்த சோமாலியர், மேற்குப் பகுதியிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவரையொருவர் அண்டி வாழ்ந்தனர். அங்கேயே ஒரு வீட்டைத் தொழுமிடமாக்கினர். ஆலை வேலையில் தொழுகை நேரம் பேணுவது எளிதன்று. சங்கிலி ஓடிக்கொண்டேயிருக்கும், ஒருவர் அகன்றால் அடுத்தவரின் வேலை தடைப்படும். கோடையில் நோன்பு வந்தால் இரவு ஒன்பது மணியளவில்தான் சூரியன் மறையும். சமவெளியின் வேறு ஊர்களில் இது பெரும் பிணக்காகவே வெடித்தது. 2008 ரமளானில் நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்ட் ஆலையில், மஃரிப் நேரத்திற்கேற்ப இடைவேளை கேட்ட சோமாலியர் வெளிநடப்புச் செய்தனர். அவர்களுக்குச் சலுகை கூடாதென்று பிற தொழிலாளர்களும் எதிர்ப்புக் காட்டினர். இருதரப்பினரும் களைத்த உழைப்பாளிகளே என்பதுதான் வேதனை.

2016: வெறுப்பும் அரணும்

2016 அக்டோபர் மாதத்தில் கார்டன் சிட்டியின் பெயர் உலகச் செய்திகளில் இடம்பெற்றது. தங்களைச் 'சிலுவைப் போராளிகள்' என்று அழைத்துக்கொண்ட மூவர், சோமாலியரின் குடியிருப்பையும் அதிலிருந்த தொழுமிடத்தையும் வெடிவைத்துத் தகர்க்கத் திட்டமிட்டிருந்தனர். குடியிருப்பின் நான்கு மூலைகளிலும் வெடிபொருள் நிரப்பிய வாகனங்களை நிறுத்துவது அவர்களின் திட்டம். அதிபர் தேர்தலுக்கு மறுநாள் அதற்கெனக் குறிக்கப்பட்டிருந்தது. அவர்களது கூட்டங்களில் கலந்துகொண்ட ஒருவர் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் தந்தமையால் அச்சதி முறியடிக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், ஓர் உயிரும் சேதமாகவில்லை. 2018 ஏப்ரலில் மூவரும் குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2019 ஜனவரியில் 25, 26, 30 ஆண்டுகள் சிறைத்தண்டனை பெற்றனர்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சதிகாரர்களின் வட்டத்திலிருந்தே தகவல் வந்தது. தகவல் தந்தவர் முஸ்லிம் அல்லர். இரண்டாவது, செய்தி வெளியானதும் நகரக் காவல்துறைத் தலைவர் மைக்கேல் அட்ஸ் சோமாலியரை நேரில் சந்தித்து ஆறுதல் கூறினார். ஊரார் பலரும் ஆதரவு தெரிவித்தனர். ஆகவே, மூவரின் வெறுப்பைக் கொண்டு ஒரு சமவெளி முழுவதையும் எடைபோடுவது நீதியன்று. நம் சமுதாயத்தில் சிலர் செய்யும் தவற்றுக்காக நம் அனைவரையும் பழிப்போரிடம் நாம் எதிர்பார்க்கும் நீதி இதுவேயல்லவா?

மதீனாவின் அளவுகோல்

ஊரை மிகையாகப் புகழவும் நாம் விரும்பவில்லை. ஆலைக்குக் கைகள் தேவைப்பட்டன. அதனாலேயே வாயில் திறந்தது. உழைப்போரின் உடல் தேய, இலாபம் வேறிடம் செல்கின்றது. ஆயினும் தேவையால் திறந்த வாயிலில் நின்று முகமன் கூறுவதா, முகம் திருப்புவதா என்பது ஊராரின் கையில் இருந்தது.

ஹிஜ்ரத் செய்து வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்சாரிகளோடு நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக்கினார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தர முன்வந்தார்கள். அவர்களோ பரக்கத்திற்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி காட்டுமாறு மட்டுமே வேண்டினார்கள். தயிர்க்கட்டியும் நெய்யும் விற்று உழைத்து உயர்ந்தார்கள். வரவேற்பவரின் தாராளமும், வருபவரின் தன்மானமும் இந்நிகழ்வில் இணைந்துள்ளன. அதற்கும் முன்பே, துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு ஆப்பிரிக்க மண்ணில் புகலிடம் அளித்தவர் அன்று கிறிஸ்தவராயிருந்த நஜ்ஜாஷி மன்னர். இன்று அதே ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியின் மக்கள், தொலைதூரக் கிறிஸ்தவ ஊர் ஒன்றில் புகலிடம் தேடியிருக்கின்றனர்.

நம்முடைய தெருவிலும் அயல்மொழி பேசும் உழைப்பாளி ஒருவர் வாடகைக்கு வீடு கேட்டு வரலாம். அவருடைய மொழியும் உணவும் நமக்கு அந்நியமாக இருக்கலாம். அன்று நாம் ஃபுல்டன் அவர்களின் தோட்டத்தருகே நின்ற வழிப்போக்கரை நினைவில் கொள்வோம். நம் பிள்ளைகளிடம் அவ்வீட்டாரின் பெயரைக் கேட்டு வரச் சொல்வோம். பெருநாளன்று ஒரு தட்டு உணவை அவ்வாசலுக்கும் அனுப்புவோம்.

அகதிகளாய் அலையும் அனைவருக்கும் அல்லாஹ் பாதுகாப்பும் கண்ணியமும் வழங்குவானாக. அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுவோராய் நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.