பீட் துறவியின் மிளகு

735ஆம் ஆண்டு மே மாதம், வடகிழக்கு இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் பீட் என்ற துறவி மரணப் படுக்கையில் இருந்தார். ஆங்கிலேயரின் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐரோப்பா முழுவதும் மதித்த அந்த அறிஞர், கடைசி நேரத்தில் மடத்துக் குருமாரை அழைத்துத் தம் சிறு பெட்டியிலிருந்த சொத்தைப் பங்கிட்டார். கொஞ்சம் மிளகு, சில துணிகள், கொஞ்சம் சாம்பிராணி. அவ்வளவுதான். உடனிருந்த மாணவர் கத்பர்ட் எழுதிய கடிதத்தால் இது நமக்குத் தெரிகிறது.

கடுகண்ணாவை ஏற்றம் முடிந்து பேராதனைக்குப் போகும் வழியில் வரும் பிலிமத்தலாவையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே பலாவிலும் கமுகிலும் படர்ந்து கிடக்கும் மிளகுக் கொடியை யாரும் நின்று பார்ப்பதில்லை. பீட்டின் மிளகு கண்டியிலிருந்து போனதல்ல; அக்கால மேற்குலகின் மிளகுச் சந்தை மலபார் கரையை நம்பியிருந்தது. அங்கே கப்பலேறி, மேற்காசியத் துறைமுகங்களில் கைமாறி, மத்தியதரைக் கடலைத் தாண்டி, ஜாரோவைப் போன்ற குளிர்ந்த மூலைக்குப் போய்ச் சேரும்போது அதன் மதிப்பு எவ்வளவு ஏறியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த மூலையில் வாழ்ந்தவர்கள் ஆங்கிலோ சாக்சன்கள். 5ஆம் நூற்றாண்டில் ரோம ஆட்சி பிரித்தானியாவை விட்டு விலகிய பின், இன்றைய ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து குடியேறியவர்கள். 1066இல் நோர்மன்கள் வென்று ஆட்சியைப் பிடிக்கும்வரை அந்த நாடு அவர்களுடையது.

விடுகதையில் அவர்களுக்குப் பெரும் மோகம். 709இல் இறந்த ஆயர் ஆல்ட்ஹெல்ம் லத்தீனில் இயற்றிய 100 விடுகதைகளில் ஒன்று மிளகைப் பற்றியது. வெளியே கறுப்பு, தோலெல்லாம் சுருக்கம், உள்ளே வெள்ளை, அரசர் விருந்துக்கு நான்தான் ருசி என்று அந்த மணி தானே பேசுகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பாதியிலேயே விடை சொல்லிவிடுவார்கள். ‘பால்டின் மருத்துவ நூல்’ எனப்படும் பழைய ஆங்கில ஏட்டிலும் மிளகு சேர்ந்த பக்குவங்கள் பல உண்டு. தடிமனுக்குக் கொத்தமல்லியோடு மிளகும் தட்டிப்போட்டு அவிக்கும் நம் வீட்டு வைத்தியத்துக்கு அது வெகுதூரமில்லை.

மிளகைவிட வியப்பானது கல். 1939இல் சஃபோக் பகுதியின் சட்டன் ஹூவில் ஒரு மேட்டைத் தோண்டியபோது, 7ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து மன்னர் ஒருவரைக் கப்பலோடு புதைத்த கல்லறை வெளிப்பட்டது. அதிலிருந்த தங்க அணிகளில் ஆயிரக்கணக்கான சிவப்புக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. கோமேதகத்தின் இனமான கார்னெட் கற்கள். 2009இல் ஸ்டாஃபோர்ட்ஷயர் வயலொன்றில் கிடைத்த புதையலிலும் அதே வேலைப்பாடுதான். வேதியியல் சோதனை சிறு கற்களை மத்திய ஐரோப்பாவோடும் பெரியவற்றை இந்தியத் துணைக்கண்டத்தோடும் சேர்க்கிறது. அக்கால ஐரோப்பிய நகைகளில் உள்ள கார்னெட்டின் ஒரு வகைக்கு இலங்கையே பிறப்பிடம் என்று கருதும் ஆய்வாளரும் உண்டு.

பொருள் வந்தது, பொருளோடு சேதி வரவில்லை. 1000ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஒரே ஏட்டில்தான் ‘பேவுல்ஃப்’ காவியம் தப்பியிருக்கிறது. 1731இல் லண்டனில் நூலகம் தீப்பிடித்தபோது ஓரம் கருகிய ஏடு அது. அரக்கன் கிரெண்டலைத் தேடி அதைப் புரட்டுபவர்கள், அதே ஏட்டில் இந்தியாவைப் பற்றி இரண்டு நூல்கள் இருப்பதைக் கவனிப்பதில்லை. ஒன்று, போரஸ் மன்னனோடு பொருதிய அலெக்சாந்தர் தன் ஆசானுக்கு எழுதியதாகப் புனையப்பட்ட கடிதம். மற்றது கீழ்த்திசை அதிசயங்கள். மிளகைக் கொம்புள்ள பாம்புகள் காவல் காக்கின்றனவாம். அவற்றை விரட்டத் தீ வைப்பதால்தான் மிளகு கறுத்ததாம். பறித்த பச்சை மிளகை வெயிலில் காயப்போட்டால் தானே கறுக்கும் என்று சொல்ல அங்கே ஆளில்லை. பாம்புக் கதையால் விலை ஏறுமென்றால் எந்த வியாபாரி உண்மையைச் சொல்லப்போகிறான்?

தானமும் புறப்பட்டதாக ஒரு குறிப்பு உண்டு. வைக்கிங் படைகளோடு போராடிய ஆல்ஃபிரட் மன்னர், சிகெல்ம், ஆத்தெல்ஸ்டன் என்ற இருவர் கையில் ரோமுக்கும், இந்தியாவில் புனித தோமா, புனித பர்த்தலமேயு ஆகியோருக்கும் காணிக்கை அனுப்பினார் என்று ஆங்கிலோ சாக்சன் ஆண்டுக்குறிப்பு 883இல் சொல்கிறது. தோமா என்றதும் நமக்கு மயிலாப்பூர் நினைவுக்கு வரும். சிகெல்ம் மணிகளோடும் வாசனைப் பொருள்களோடும் திரும்பினார் என்று 12ஆம் நூற்றாண்டில் மால்ம்ஸ்பரி வில்லியம் எழுதினார். ஆனால் ஆண்டுக்குறிப்பின் சில படிகளில் இந்தியா இருக்குமிடத்தில் யூதேயா இருக்கிறது. காணிக்கை வந்து சேர்ந்ததற்கு நம் பக்கத்தில் எந்தத் தடயமும் இல்லை. மன்னர் நேர்ந்துகொண்டார் என்பதை நம்பலாம்; தூதர் மயிலாப்பூரில் கால் வைத்தார் என்பதை நம்புவது கடினம்.

இந்தப் பழங்கதைகள் பிலிமத்தலாவைக்கு முற்றிலும் அந்நியமல்ல. அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகள் உள்ளிட்ட திருச்சபைகள் சேர்ந்து 1963இல் நிறுவிய இலங்கை இறையியல் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. குருமாணவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் பயில்கிறார்கள். இலங்கை அங்கிலிக்கன் திருச்சபை இன்றும் கன்டர்பரி பேராயரின் மேலாண்மையில் உள்ளது. அந்தக் கன்டர்பரி ஆசனத்தின் கதையோ, போப்பரசர் கிரகோரி அனுப்பிய அகஸ்தீன் 597இல் கென்ட் கரையில் இறங்கியதிலிருந்து தொடங்குகிறது.

அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, அலெக்சாந்திரியாவின் கொஸ்மஸ் என்ற வணிகர் இலங்கையைப் பற்றி எழுதிவிட்டார். பல தேசத்துக் கப்பல்கள் கூடும் அந்தத் தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் சபை இருந்தது, அதற்கென்று குருவும் இருந்தார் என்கிறார். 1912இல் அநுராதபுர அகழ்வில் கிடைத்த கற்சிலுவையை அந்தச் சபையோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. ஆகவே இந்தத் தீவின் சபை வரலாற்றைக் கன்டர்பரியிலிருந்தோ 1505இல் வந்த போர்த்துக்கேயரிலிருந்தோ தொடங்குவது பொருந்தாது. கொஸ்மஸிலிருந்து தொடங்குவதே முறை.