தமிழகத்தில் ஆயுள் கைதிகளின் முன்விடுதலை: சலுகையும் சினமும்

2018 நவம்பர் 19 அன்று வேலூர் மத்திய சிறையிலிருந்து மூன்று ஆயுள் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். 2000 பிப்ரவரி 2 அன்று தர்மபுரி அருகே கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று மாணவிகள் இறந்த வழக்கில் தண்டனை பெற்ற அதிமுகவினர் அவர்கள். 2007இல் சேலம் நீதிமன்றம் விதித்த தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றமும், 2010இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தன. 2016 மார்ச்சில் சீராய்வின்போது அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. இரண்டே ஆண்டுகளில் எம்ஜிஆர் நூற்றாண்டு முன்விடுதலைத் திட்டம் அவர்களை வெளியே கொண்டுவந்தது. அன்று ஆட்சியிலிருந்ததும் அதிமுகதான்.

படித்தவர்கள், இத்தகைய விடுதலைகள் எழுப்பும் சினத்தைப் பெரும்பாலும் ஒரே விதமாக விளக்குகிறார்கள்: மக்கள் பழிக்குப் பழி கேட்கிறார்கள், சட்டமோ திருத்தப் பார்க்கிறது. தமிழகத்தின் நூறாண்டு அனுபவம் இந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. குற்றவாளிக்கு மறுவாய்ப்பு தருவதில் இந்த மாகாணம் முன்னோடி. 1920இல் சென்னை மாகாணம் இயற்றிய சிறுவர் சட்டம் இந்தியாவிலேயே முதலாவது. 1925இல் போர்ஸ்டல் பள்ளிச் சட்டமும் 1936இல் நன்னடத்தைச் சட்டமும் தொடர்ந்தன. நன்னடத்தைக்கென மத்தியச் சட்டம் வந்தது 1958இல்தான். இளங்குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விடும் முறை இங்கே பெரிய எதிர்ப்பின்றி வேரூன்றியது. கார்டியூ தலைமையிலான 1919-20 சிறைகள் குழு வற்புறுத்திய சீர்திருத்தக் கொள்கையும் இந்த நோக்கத்தோடு ஒத்துப்போனது.

சிக்கல் ஆயுள் தண்டனையில் தொடங்கியது. ‘ஆயுள் என்றால் 14 வருடம்’ என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கணக்கு வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஆயுள் தண்டனையை 14 ஆண்டுக்கு மிகாத சிறையாக மாற்ற அரசுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு அதிகாரம் தந்தது. பின்னக் கணக்குகளுக்கு ஆயுளை 20 ஆண்டாகக் கொள்ளலாம் என்றது 57ஆம் பிரிவு. இரண்டும் சேர்ந்து ஆயுளுக்கு ஓர் எல்லை உண்டென்ற நம்பிக்கையைக் கைதிகளிடமும் பொதுமக்களிடமும் வளர்த்தன. காந்தி கொலை வழக்கின் கோபால் கோட்சே இதே நம்பிக்கையில்தான் உச்ச நீதிமன்றம் சென்றார். ஆயுள் தண்டனை என்பது எஞ்சிய வாழ்நாள் முழுவதும் என்றும், தண்டனைக் குறைப்பு அரசின் ஆணையால் மட்டுமே கிடைக்கும் என்றும் 1961இல் நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. 1964இல் அரசே அவரை விடுவித்தது. புனேயில் அவருக்கு அளிக்கப்பட்ட வரவேற்பு நாடாளுமன்றம் வரை கொந்தளிப்பைக் கிளப்ப, அவர் மறுபடி கைதானார். அதன் தொடர்ச்சியாகவே காந்தி கொலைச் சதியை ஆராயும் கபூர் ஆணையம் அமைந்தது.

சில மாநிலங்களில் கொலைக் குற்றவாளிகள் ஐந்தாறு ஆண்டிலேயே வெளியே வருகிறார்கள் என்ற முறையீட்டின் விளைவாக, 1978 டிசம்பரில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ பிரிவு சேர்ந்தது. மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஆயுள் பெற்றவர் குறைந்தது 14 ஆண்டு சிறையில் இருந்தாக வேண்டும். 1980இல் மாரு ராம் வழக்கில் இதை உறுதிசெய்த உச்ச நீதிமன்றம் ஒரு வழியை மட்டும் அடைக்கவில்லை, அடைக்கவும் முடியாது: அரசமைப்பின் 161ஆம் கூறு ஆளுநருக்குத் தரும் மன்னிப்பதிகாரத்தை ஒரு சாதாரணச் சட்டத்தால் கட்டுப்படுத்த இயலாது. அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ண ஐயர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். ஒரு முதலமைச்சர் தம் பிறந்தநாளுக்காகவோ தமக்கு மகன் பிறந்ததற்காகவோ சிறைகளைத் திறந்துவிட்டால் அது அரசமைப்பையே இழிவுபடுத்துவதாகும் என்பது அதன் சாரம். தமிழகத்தில் நடந்தது அதற்கு மிக அருகில் வந்தது. இங்கே பிறந்தநாள் முதலமைச்சருடையதல்ல, மறைந்த தலைவருடையது, அவ்வளவுதான் வேறுபாடு.

அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15, சிறை மதில்களுக்குள் எதிர்பார்ப்போடு காத்திருக்கும் நாளாயிற்று. 2006இல் பத்தாண்டு முடித்த ஆயுள் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். 2008இல் அண்ணா நூற்றாண்டை முன்னிட்டு, ஏழாண்டு முடித்தவர்கள் 1,405 பேர். சட்டம் 14 என்றது. அரசாணை அதைப் பாதியாக்கியது. 161ஆம் கூறு இல்லாமல் இது நடந்திருக்காது.

அந்த 1,405 பேரில் மிகப் பெரும்பாலோரின் பெயர்கூடச் செய்தியாகவில்லை. அவர்கள் வீடு திரும்பியதற்கு எங்கும் கொடும்பாவி எரியவில்லை. எதிர்ப்பு எழுந்தது குறிப்பிட்ட சிலரின் பெயரில். மதுரை வில்லாபுரத்தில் குடிநீருக்காகப் போராடி, 1997 ஏப்ரலில் வெட்டிக் கொல்லப்பட்ட மார்க்சிஸ்ட் மாமன்ற உறுப்பினர் லீலாவதியின் கொலைக் குற்றவாளிகளும் அந்தப் பட்டியலில் இருந்தனர். மேலவளவில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியின் தலைவரான முருகேசன் உட்பட ஆறு பேர் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்ட வழக்கில் ஆயுள் பெற்ற 17 பேரில் மூவரும் அப்போது வெளியே வந்தனர். எஞ்சியோரில் 13 பேரை 2019 நவம்பரில் எம்ஜிஆர் நூற்றாண்டுத் திட்டம் விடுவித்தது. 2008இல் ஆண்டது திமுக, 2019இல் அதிமுக. இந்த ஒரு விஷயத்தில் இரு கழகங்களுக்கும் பேதமில்லை. மேலவளவில் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள், கொன்றவர்களின் குடும்பங்கள் வாழும் அதே வட்டாரத்தில்தான் வாழ்கின்றன. அவர்களுக்கு முன்விடுதலை என்பது நாளிதழில் படிக்கும் செய்தியல்ல, சந்தையிலும் பேருந்திலும் எதிர்ப்படும் முகம். அவர்களிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று விதியுமில்லை.

இவ்விடத்தில் ராஜீவ் காந்தி கொலை வழக்கை ஒப்பிட்டாக வேண்டும். அதில் தண்டனை பெற்ற எழுவரையும் விடுவிக்க 2018 செப்டம்பர் 9 அன்று அமைச்சரவை பரிந்துரைத்தது. அவர்கள் அதற்குள் 27 ஆண்டு கழித்திருந்தனர். ஸ்ரீபெரும்புதூரில் உடன் இறந்தவர்களின் குடும்பத்தாரும் காங்கிரசும் எதிர்த்தபோதிலும், தமிழகத்தில் விடுதலைக்கு ஆதரவான குரலே ஓங்கியிருந்தது. இவ்வழக்கில் தூக்கை ஆயுளாக்கக் கோரித் தெருவுக்கு வந்த அதே மக்கள்தான் தர்மபுரி விடுதலைக்குக் கொதித்தார்கள். எழுவர் கோப்பு ஆளுநர் மாளிகையில் அசையாதிருக்க, தர்மபுரிக் கோப்பு ஒருமுறை திரும்பிவந்தும் அரசு மீண்டும் அனுப்பியபின் இரண்டு மாதத்துக்குள் கையெழுத்தானது. எழுவருக்குச் சிறைக்கதவைத் திறந்தது உச்ச நீதிமன்றம்: 2022 மே 18 அன்று பேரறிவாளனுக்கு, நவம்பர் 11 அன்று மற்ற அறுவருக்கு. ஆக, மக்கள் எல்லா மன்னிப்பையும் வெறுக்கவில்லை. யாருக்கு, எதற்காக, யார் சொல்லி என்ற கேள்விகளுக்குப் பதில் வராதபோதுதான் வெறுக்கிறார்கள்.

நீதிமன்றங்களும் இக்கேள்விகளைத் தம் வழியில் கேட்டன. 2006இல் ஏப்புரு சுதாகர் வழக்கில், கைதி நல்ல காங்கிரஸ் ஊழியர் என்ற குறிப்போடு ஆந்திர ஆளுநர் அளித்த தண்டனைக் குறைப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சாதி, மதம், கட்சி பார்த்து மன்னிக்கலாகாது என்றது. பண்டிகைக்கும் விழாவுக்கும் மொத்தமாகத் திறந்துவிடுவது சட்டத்துக்குப் பொருந்தாது, ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று 2012இல் சங்கீத் வழக்குத் தீர்ப்பு சொன்னது. குஜராத்தில் பில்கிஸ் பானு வழக்கில் தண்டனை பெற்ற 11 பேர் 2022 சுதந்திர நாளன்று விடுவிக்கப்பட்டதை, அதற்கு அதிகாரமுள்ள அரசு மகாராஷ்டிரமே என்று கூறி 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது.

பரவலாகக் கவனிக்கப்படாத விளைவு வேறொன்று. மாநிலங்கள் எளிதாக விடுவிப்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம், 2008இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் குறைப்புக்கே இடமில்லாத ஆயுள் தண்டனை என்ற புதிய வகையை உருவாக்கியது. 2015இல் ஸ்ரீஹரன் வழக்கில் அரசமைப்பு அமர்வு அதை ஏற்று, உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் அப்படி விதிக்கலாம் என்றது. அதன்பின் ‘25 ஆண்டு குறைப்பின்றி’, ‘30 ஆண்டு குறைப்பின்றி’ என்ற தண்டனைகள் வழக்கத்துக்கு வந்துவிட்டன. ஆட்சியாளர்கள் தாராளமாக அளித்த சலுகைக்கு, எந்தக் கட்சியோடும் தொடர்பில்லாத, உண்மையிலேயே திருந்திய கைதி விலை கொடுக்கிறான்.

நேர்மையான நடைமுறை நம்மிடம் இல்லாமலில்லை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகளில் அறிவுரைக் கழகம் இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் கைதியின் ஊருக்குப் போய் விசாரித்து எழுதும் அறிக்கை இருக்கிறது. விழாக்கால அரசாணைகள் இந்தப் பொறுமையான வேலையைச் சடங்காக்கிவிட்டன. விடுதலையை ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தைச் சுருக்கமாகவேனும் எழுத வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் காரணங்களைத் தமிழக அரசு வெளியிடவும் வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360ஆம் பிரிவு, ஒரு வழக்கை அரசு திரும்பப் பெறுவதற்கு முன் பாதிக்கப்பட்டவரின் வாதத்தைக் கேட்கச் சொல்கிறது. தண்டனைக் குறைப்பைப் பற்றிய 473ஆம் பிரிவில் அப்படி ஒரு வரி இல்லை.