வண்டி இன்சூரன்ஸ் யாருக்காக வந்தது?



"இன்சூரன்ஸ் கட்டியிருக்கேன், விழுந்த பைக்கை ரிப்பேர் பண்ண ஏன் சார் பணம் தரமாட்டேங்கிறாங்க?" என்று அடிக்கடி கேட்கிறீர்கள். பதில் வரலாற்றில் இருக்கிறது.

மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில், அடிபட்டவர் வழக்கில் ஜெயித்தாலும் இடித்தவரிடம் கொடுக்கப் பணம் இல்லாமல் போனது. அதனால் பிரிட்டன் 1930-இல் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவின் 1939 மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. ஆனால் அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1-இல்தான். இழப்பீட்டுக்கென்று தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க 1956 திருத்தம் வழி செய்தது. 1988 சட்டமும் இதே பாதையில் சென்றது. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டி வாங்கும்போதே ஐந்து ஆண்டுக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

கவனித்தீர்களா? இத்தனை ஆண்டும் சட்டம் கட்டாயப்படுத்தியது அடிபட்டவருக்கான பாதுகாப்பை. உங்கள் வண்டிக்கானதை அல்ல. வண்டிச் சேதத்துக்கு 'ஓன் டேமேஜ்' காப்பீடும் வேண்டும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும்.

விபத்து நடந்தால் முதலில் உயிரைப் பாருங்கள். அடுத்து கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள்; யாருக்காவது அடிபட்டிருந்தால் போலீசுக்கும் சொல்லுங்கள். சர்வேயர் பார்ப்பதற்கு முன் மெக்கானிக்கைக் கை வைக்க விடாதீர்கள்.

இன்று இரவே பாலிசியை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். இதுதான் வீட்டுப்பாடம்!